ஜெனோவாவும் ஒரு கிறிஸ்துமஸ் போஸ்டரும்

போன வருஷம் நவம்பர் கடைசியில் எங்கள் தமிழ்ப் பங்குக் குழுவில் ஒரு சண்டை. போட்டது நான்தான். எதிராளி இருபத்தாறு வயசுப் பையன். விளம்பர நிறுவனம் ஒன்றில் டிசைனர் வேலை, பாட்டுக்குழுவில் கீபோர்டு. வளைகுடாவில் கோவிலுக்கு வெளியே போஸ்டர் ஒட்டுவதெல்லாம் நடக்காது. வளாகத்துக்குள் மாட்டவும், வீடுகளுக்குக் கொடுக்கவும் கேரல் இரவுக்கு ஒரு அழைப்பு செய்யச் சொல்லியிருந்தோம்.

அவன் கொண்டுவந்தது அச்சு அசல் சினிமா போஸ்டர். மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஸ்லோ மோஷனில் நடந்து வருகிறார்கள். பின்னால் நட்சத்திரம் வெடிக்கிறது. மேலே ரஜினி பட டைட்டில் மாதிரி தடித்த எழுத்தில் ‘வருகிறார்’. கீழே பொடி எழுத்தில் ‘முதல் காட்சி: பெத்லகேம்’.

பொருளாளர் என்ற முறையில் அச்சுச் செலவுக்கு நான் கையெழுத்துப் போடவேண்டும். போடவில்லை. ‘கோவில் என்ன கொட்டகையாப்பா?’ என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவன் மட்டும், ‘அங்கிள், நீங்க போன வருஷம் குடுத்த நோட்டீஸை எத்தனை பேர் படிச்சாங்க?’ என்றான். பி.காம். படித்த ஆளிடம் எண்ணிக்கை கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்! வழக்கமான வெள்ளைத்தாள் நோட்டீஸே அடித்தோம். அதன் பிறகு அவன் பாட்டுப் பயிற்சிக்கு வரவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் கிடந்தபோது 1987 டிசம்பர் 24 ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். போர்டு மலையாளத்தில் இருக்கும், பேச்சு கொங்குத் தமிழில் இருக்கும். தென்னையும் கள்ளும் பொள்ளாச்சி பஸ்ஸும்தான் வாழ்க்கை. 1956ல் மாநில எல்லைகளைத் திருத்திக் கேரளம் பிறந்த பிறகும் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகள் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடுதான் இருந்தன. கோழிக்கோடு, கோயம்புத்தூர் இரண்டிலிருந்தும் பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உண்டானது 2013 டிசம்பர் 28ல். அதாவது ரேஷன் கார்டு ஒரு மாநிலம், ஞானஸ்நான ரிஜிஸ்தர் இன்னொரு மாநிலம் என்று 57 வருஷம் ஓடியிருக்கிறது. பூசையும் பாட்டும் தமிழில். சினிமாவும் தமிழில்.

அந்த 24ஆம் தேதி விடியற்காலையில் எம்.ஜி.ஆர். இறந்துபோனார். எனக்கு அப்போது எட்டு வயசு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பஸ் வரவில்லை. கேரல் பவனி நின்றுபோனது. சாயங்காலம் கோவில் குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த அண்ணன்மார் எங்கிருந்தோ ஒரு எம்.ஜி.ஆர். படத்தைக் கொண்டுவந்து, மாலை போட்டு, ஆட்டிடையன் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள். எங்கப்பா பங்கின் கணக்குகளைப் பார்த்தவர். (கணக்குப் பார்க்கிற வியாதி எங்கள் குடும்பத்தில் தொடர்வது.) பார்த்ததும் படத்தை எடுத்து வெளியே வைத்தார். ‘எறக்கறது எங்க தலைவரையா?’ என்று ஒருவர் சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்.

அப்போது என் அப்பத்தா நடுவில் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ‘ஏண்டா, அவரு யாருன்னு நெனச்சீங்க? ஜெனோவாம்மாவுக்கு மாலையிட்ட ராசா. கோவில் வாசல்லயாச்சும் இருந்துட்டுப் போகட்டும்.’

சாமியார் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். குடிலுக்குள் வேண்டாம், கேட்டுத் தூணில் சாத்தி வையுங்கள் என்றார். நடுஜாமப் பூசைக்கு வந்த ஜனம் முதலில் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனது. அப்பா ஜனவரி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

ஜெனோவாம்மா யார் என்று அப்போது நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு புனிதை என்று நினைத்துக்கொண்டேன். இல்லை என்று தெரிய எனக்கு முப்பது வயசாகவேண்டியிருந்தது.

‘ஜெனோவா’ 1953ல் வந்த படம். தமிழ், மலையாளம் இரண்டிலும் எடுத்தார்கள். எம்.ஜி.ஆர்., பி.எஸ். சரோஜா நடித்தார்கள், இயக்கம் எஃப். நாகூர். மலையாளத்தில் எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த ஒரே படம் இதுதான். அவருடைய அம்மா சத்தியபாமாவின் ஊர் வடவன்னூர், எங்கள் சித்தூர் தாலூகாவிலேயேதான். இசையமைத்த மூன்று பேரில் ஒருவர் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த எம்.எஸ். விஸ்வநாதன். அவர் 1928ல் பிறந்தது எலப்புள்ளி, பாலக்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழி. இந்தப் புதுப் பையன் வேண்டாம் என்று எம்.ஜி.ஆர். முதலில் தயங்கினார், தயாரிப்பாளர் பிடிவாதம் பிடித்தார், பாட்டைக் கேட்டபிறகு எம்.ஜி.ஆரே நேரில் போய்ப் பாராட்டினார் என்பது சினிமாக்காரர்கள் பலமுறை சொன்ன கதை. ஆக, எங்கள் மண்ணில் வேர் உள்ள இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிறிஸ்தவக் கதையைத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்பத்தா அதை டென்ட் கொட்டகையில் பார்த்தவள்.

கதை என்னவென்றால், ராஜா போருக்குப் போகிறான். அரண்மனையில் அதிகாரம் உள்ள ஒருவன், கர்ப்பிணியான ராணியின் மேல் ஆசைப்பட்டு, அவள் மசியாததால் நடத்தை கெட்டவள் என்று பழி சுமத்துகிறான். கொல்லக் கொண்டுபோன ஆட்கள் இரக்கப்பட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். காட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு மான் பால் கொடுக்கிறது. வருஷங்கள் கழித்து வேட்டைக்கு வந்த ராஜா உண்மை தெரிந்து அழைத்துப் போகிறான். ஐரோப்பாவில் இவள் பெயர் பிரபாந்து நாட்டு ஜெனவியெவ். மூலத்தில் எத்தனை சரித்திரம், எத்தனை கற்பனை என்பது வேறு பேச்சு. 17ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு இயேசு சபைக் குரு இதைப் பக்திக் கதையாக எழுதினார். அதிலிருந்து மலிவுப் பதிப்புகளும் நாடகங்களும் பொம்மலாட்டங்களும் ஐரோப்பா முழுக்கப் பரவின.

சரி, பிரபாந்திலிருந்து எங்கள் அப்பத்தா வரை இது எப்படி வந்தது? சினிமாவுக்கு முன்னாலேயே இந்தக் கதை கேரளக் கடற்கரையில் மேடையேறிக்கொண்டிருந்தது. அதன் பெயர் சவிட்டு நாடகம். சவிட்டு என்றால் மிதி. பலகை போட்ட மேடை அதிர அதிர மிதித்து ஆடுவது. சாவக்காடு முதல் கொல்லம் வரை லத்தீன் கத்தோலிக்கர்களின் கலை. போர்ச்சுகீசியர் காலத்தில் உருவானது என்பார்கள். கிரீடம், வெல்வெட் அங்கி, ரோமாபுரிச் சிப்பாய் மாதிரி மார்புக் கவசம், கையில் வாள். ‘கார்ல்மான்’ என்று ஒரு நாடகம். அது வேறு யாருமில்லை, பிரெஞ்சுப் பேரரசன் சார்லமேன். அதை இயற்றியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. பாட்டும் வசனமும் தமிழ் கலந்த நடை. சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்குப் பெயர் அண்ணாவி. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கக் கூத்து சொல்லிக்கொடுப்பவரும் அண்ணாவியார்தான். இது படிக்கிற ஈழத்து நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த மதம், அந்தக் காலத்தில் ஜனங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்த பொழுதுபோக்கு எதுவோ, அதையே எடுத்துக்கொண்டது. கூத்தில் கட்டியக்காரன் உண்டா, இங்கேயும் கோமாளி உண்டு. சண்டை உண்டா, இங்கேயும் உண்டு, கொஞ்சம் கூடவே உண்டு. ஸ்லோ மோஷன் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்குச் சவிட்டு நாடகம் கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் போட்டி நிகழ்ச்சி. பாரம்பரியம் என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். வங்கிக் கணக்கில் பழைய மேஜை நாற்காலிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். கோவில் கணக்கில் நேர் எதிர்: நேற்றுக் கூத்து என்று முகம் சுளித்தது இன்றைக்குப் பொக்கிஷம்.

ஆனால் சவிட்டு நாடகம் பற்றி என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தமிழ் இப்போது புரியாது. மனப்பாடம் செய்து மலையாள எழுத்தில் வைத்துப் பாடுகிறார்கள். கால் மிதிக்கிறது, வாய் பாடுகிறது, அர்த்தம் எங்கோ நின்றுவிட்டது. கொஞ்சம் வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன், கேலியாக இல்லை. காரணம் கடைசியில் வரும்.

ஜெனோவாவுக்கு முன்னால் ‘ஞானசௌந்தரி’. இதுவும் கூத்திலிருந்தும் நாடகக் கம்பெனியிலிருந்தும் சினிமாவுக்குப் போன கதைதான். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி ‘இயேசுநாதர்’ நாடகமே போட்டிருக்கிறது. ஏசுவையும் ராமரையும் ஒரே கம்பெனி மேடையேற்றியதை ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். 1948ல் ‘ஞானசௌந்தரி’ இரண்டு படமாக வந்தது, ஒன்று சிட்டாடல், ஒன்று ஜெமினி. சிட்டாடல் படத்துக்கு முன்னால் தன் படம் நிற்காது என்று எஸ்.எஸ். வாசன் ஜெமினி படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சிட்டாடல் படத்தை இயக்கியவரும் அதே எஃப். நாகூர். இசை ‘மீரா’வுக்கு இசையமைத்த எஸ்.வி. வெங்கட்ராமன். கை வெட்டப்பட்ட ஞானசௌந்தரி மாதாவிடம் மன்றாடும் பாட்டு, படத்தை விட்டு வெளியே வந்து ஜெபப் பாட்டாகவே ஆகிவிட்டது. எங்கள் ஊரில் மே மாத வணக்கத்தில் அதைப் பாடும்போது நான் அதைக் கோவில் பாட்டு என்றே நம்பியிருந்தேன். அப்பாவும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடி அதைப் பாடுவார். சினிமாப் பாட்டு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எம்.ஜி.ஆர். படத்தைத் தூக்கி வெளியே வைத்த அதே அப்பா.

சீர்திருத்த சபைக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800ல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். அன்றைக்குக் குறவஞ்சி என்பது கோவிலிலும் அரண்மனையிலும் ஆட்டத்தோடு நடக்கிற ஜனரஞ்சக நாடகம். தலைவி, தோழி, குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் சிங்கன் என்று பாத்திரங்கள். சாஸ்திரியார் அத்தனையையும் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினார். குறத்தி விசுவாசம். பிடிக்கிற பறவைகள் ஆத்துமாக்கள். நடுவில் உலகப் பூகோளமும் பூமி சூரியனைச் சுற்றுகிற கணக்கும்கூட வரும். மிஷன் பள்ளியில் படித்ததைச் சும்மா விடுவாரா!

1820களில் வந்த புது மிஷனரிகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவருடைய தமிழ்ப் பாடல்களைக் கோவிலில் பாடுவதில் தகராறு, வேதாகமத் தமிழைத் திருத்துவதில் தகராறு, கடைசியில் வேலையே போயிற்று. ஆதரித்தவர் சரபோஜி மன்னர். இதுவரை கேட்டால் சாஸ்திரியார் பக்கம்தான் சாய்வோம். ஆனால் அந்தத் தகராறில் இன்னொரு பாதி உண்டு. கோவிலில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவது கூடாது என்று அந்த மிஷனரிகள் சொன்னார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். பாட்டில் அவர் பக்கம் நியாயம், பாயில் அவர்கள் பக்கம் நியாயம். ‘நம் ஜனங்களின் வழக்கம்’ என்று அள்ளிக்கொண்டு வரும்போது எது எது கூடவே வருகிறது என்றும் பார்க்கத்தான் வேண்டும். என் எதிர்ப்புக்கு ஏதாவது நியாயம் இருந்தால் அது இந்த இடத்தில் மட்டும்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு வந்தால் ஈரோட்டில் லண்டன் மிஷனின் எச்.ஏ. பாப்லி. 1921ல் இந்திய சங்கீதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர், பிறகு திருக்குறளையும் மொழிபெயர்த்தார். ஹரிகதை மாதிரியே பாட்டும் கதையுமாக இயேசு சரிதையைக் காலட்சேபம் செய்தார். ஒரு வெள்ளைக்காரர் தமிழ்க் கீர்த்தனை பாடுகிறார் என்றால் சந்தைக்குப் போகிற வண்டி நிற்காமல் போகுமா?

இடுக்கிப் பக்கம் என் அம்மாவின் ஊர். தாத்தா மூணாறு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். கங்காணி திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்துப்போன குடும்பம். மூணாறில் கார்மல் மாதா கோவில் 1898ல் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கல் கோவில், இப்போது சி.எஸ்.ஐ., 1911ல் அபிஷேகமானது. துரைமார் போனபிறகு அங்கே தமிழ் ஆராதனை கேட்கிறது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று 1950களில் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்து, சேராமலே போன மலை அது. அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்த இடங்கள் லயம், கோவில், சினிமா.

1980களின் கடைசியில் ஒரு லீவில் அங்கே போயிருந்தபோது எஸ்டேட் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி இயேசு படம் காட்டினார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 1978ல் தெலுங்கில் வந்த ‘கருணாமயுடு’ படத்தின் தமிழ்க் குரல் வடிவம் அது. இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். இயக்குநர் என்று பின்னாளில் பார்த்த பெயர் ஏ. பீம்சிங், நம்ம ‘பாசமலர்’ பீம்சிங்! அதுதான் அத்தனை அழவைத்தது போல. பல மொழிகளில் குரல் சேர்த்து ஊர் ஊராக புரொஜெக்டரோடு கொண்டுபோய்க் காட்டிய படம். சாட்டையடிக் காட்சியில் எனக்கு முன்னால் இருந்த ஒரு அக்கா எழுந்து துணியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார். அவர் சர்ச்சுக்குப் போகிறவரே இல்லை, மாரியம்மன் கோவில் பூசாரி வீட்டுப் பெண் என்று மாமா சொன்னார்.

எம்.ஜி.ஆரும் ஒரு தடவை இயேசுவாக வேஷம் போட்டார். ‘பரமபிதா’ என்று ஒரு படம். வெளியே வரவில்லை, ஸ்டில்கள்தான் மிஞ்சின. தாடியும் அங்கியுமாக எம்.ஜி.ஆர். நிற்கிற அந்தப் படத்தை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளை, 1987ல் எங்கள் ஊர் அண்ணன்மார் கையில் அந்த ஸ்டில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சாமியாருக்குத் தூண் போதாது :)

இத்தனையும் எனக்குத் தெரியும். ஒரே நாளில் தெரிந்துகொண்டதும் இல்லை, பல வருஷமாகத் துண்டு துண்டாகப் படித்ததுதான். நண்பர்கள் கூடினால் ஜெனோவா கதையை நானே பெருமையாகச் சொல்வேன். அப்படியிருந்தும் ஒரு பையன் போஸ்டரைக் கொண்டுவந்து நீட்டினபோது என் வாயில் வந்தது அப்பாவின் குரல்.

கேரல் இரவு நடந்தது. கூட்டம் வழக்கம்போல, அதாவது வழக்கமாக வருகிறவர்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்ப் பாட்டு பாடினார்கள், ஆங்கில எழுத்தில் அடித்த தாளைப் பார்த்து. எங்கள் வீட்டுப் பெண்ணும் அதில் ஒருத்தி, பதினோரு வயசு. சுருதி சுத்தமாகப் பாடினாள். வரும் வழியில் காரில் ‘இந்த வரிக்கு என்னப்பா மீனிங்?’ என்று கேட்டாள். சவிட்டு நாடகக்காரர்கள் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

அன்று கூட்டத்தில் நான் அந்தப் போஸ்டரைச் சுருட்டிக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், அவன் திரும்பக் கேட்டால் கொடுக்கலாம் என்று. பிப்ரவரியில் அலமாரியை ஒழிக்கும்போது அது மகள் கையில் கிடைத்தது. விரித்துத் தரையில் போட்டாள். ‘என்ன படம்ப்பா இது? எப்ப ரிலீஸ்?’ என்றாள். படித்துப் பார் என்றேன். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறவள் மண்டியிட்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். வ... ரு... கி... ‘றா’வில் நின்றுவிட்டாள். ரெண்டு ‘ர’ எதுக்கு என்று சண்டை. கடைசியில் ‘வருகிறார்’ என்று சேர்த்துப் படித்துவிட்டு, ‘யாரு?’ என்றாள்.

மறுநாளே அந்தப் பையனுக்கு போன் போட்டேன். ஜனவரியில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம். சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ‘ஃபைல் அனுப்பறேன் அங்கிள், தேதியை மட்டும் மாத்திக்குங்க’ என்றான். வந்துவிட்டது. இந்த வருஷக் கணக்கில் அச்சுச் செலவு என்று ஒரு வரி சேர்த்து நானே கையெழுத்தும் போட்டுவிட்டேன். கீபோர்டுக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.